தெருவுக்குத் தெரியும் முன் வீட்டுக்குத் தெரியட்டும்

உறையூர்ப் பையன் ஒருவன் புத்தூர் நால்ரோட்டில் நின்று சிகரெட் பிடித்தால், அவன் வீடு வந்து சேர்வதற்குள் நாச்சியார் கோவில் ஸ்டாப்பில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். பெற்றவர்களுக்குத்தான் கடைசியில் தெரியும். சந்துக்குச் சந்து சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர் இது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். போதையோ, பள்ளியில் மிரட்டலோ, காதலோ, எதுவானாலும் வீட்டில் வாய் திறந்தால் அடி விழும், அல்லது அத்தை, மாமா வரைக்கும் போய்விடும் என்று பயந்தே பல பிள்ளைகள் சொல்வதில்லை.

இந்த அத்தியாயம் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கானது. எந்தச் சிக்கலானாலும் அந்தச் செய்தி முதலில் உங்களிடம் வர வேண்டும் என்பதுதான் இதில் உள்ள எல்லாப் படிகளுக்கும் குறி. செய்தி வந்துவிட்டால், அதற்குமேல் என்ன செய்வது என்பதற்கு வரிசை உண்டு. அதைப் பார்ப்போம்.

1. முதலில் வீட்டைத் தயார் செய்யுங்கள்

சிக்கல் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை இவை. ஒரு வார இறுதி போதும்.

படி 1: உங்கள் பக்கத்தை நேர் செய்யுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சிச் சுருட்டு என்று கப்பலேறிப் போனதில் பெரும்பங்கு உறையூரில் சுற்றியதுதான். தாத்தா சுருட்டு, அப்பாயி வெற்றிலையோடு புகையிலை, அப்பா சிகரெட் என்று மூன்று தலைமுறை பார்த்த வீடுகள் இங்கே நிறைய. அப்படிப்பட்ட வீட்டில் ‘புகையிலை கெட்டது’ என்று பாடம் நடத்தினால் பிள்ளை சிரிக்கும். ‘எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு, விட முடியாம கஷ்டப்படுறேன், உனக்கு இது வேணாம்’ என்று சொல்லுங்கள். அது நம்பும்படி இருக்கும்.

படி 2: கடைக்கு அனுப்பாதீர்கள். ‘ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வாடா’ என்று சொல்வதை நிறுத்துங்கள். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கவும் கூடாது, அவரை வைத்து விற்கவும் கூடாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பனையே கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, பெட்டிக்கடைக்காரரோடு பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக் கொடுப்பது நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

படி 3: எதிரெதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள். ‘வா, உட்காரு, உன்கிட்ட பேசணும்’ என்றாலே பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளும். தில்லைநகர் டியூஷன் முடிந்து சாலை ரோட்டில் வண்டியில் வரும்போது, கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது பேசுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நேரத்தில் வாய் தானாகத் திறக்கும்.

படி 4: ஒரு சங்கேதச் செய்தி வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் வீட்டிலோ, திருவிழாக் கூட்டத்திலோ, பிறந்தநாள் கொண்டாட்டத்திலோ பிள்ளை மாட்டிக்கொண்டால், நண்பர்கள் முன்னால் ‘அம்மா, வந்து கூட்டிட்டுப் போ’ என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு வரி பேசி வையுங்கள். ‘அப்பாயிக்கு மாத்திரை வாங்கணுமா?’ என்று செய்தி வந்தால் நீங்கள் உடனே போன் செய்து, ‘சீக்கிரம் வாடா, அப்பாயிக்கு முடியல’ என்று சத்தம் போட வேண்டும். பிறகு நேரில் போய் அழைத்து வர வேண்டும். வரும் வழியில் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. கேள்வியெல்லாம் மறுநாள் காலையில்தான். இந்த விதியை ஒரே ஒரு முறை மீறினாலும் அந்தச் செய்தி இனி வராது.

படி 5: ரகசியத்துக்கு எல்லை சொல்லுங்கள். ‘நீ சொல்றது சித்தப்பாவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகாது. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் தப்பாத் தொட்டாங்கன்னாலோ நான் உதவி கேட்டே ஆகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.’ இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பின்னால் ‘ஏமாத்திட்டீங்க’ என்ற பேச்சு வராது.

2. முதல் பத்து நிமிடம்

பிள்ளை முதன்முதலாக ஒன்றைச் சொல்லும் அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. வண்டியில் வரும் தாயும் ஒன்பதாம் வகுப்பு மகனும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

‘அம்மா, எங்க கிளாஸ்ல ரெண்டு பசங்க கூல் லிப் வைக்கிறாங்க.’

‘எவன்டா அது? நாளைக்கே ஹெச்.எம்.கிட்ட சொல்றேன். நீ வெச்சியா? உண்மையைச் சொல்லு!’

பேச்சு இங்கேயே முடிந்தது. பையன் இனி இதைப் பற்றி உங்களிடம் பேச மாட்டான். அதே இடத்தில்:

‘அப்படியா? அது எப்படிடா இருக்கும்?’

‘குட்டியா ஒரு பை மாதிரிம்மா. உதட்டுக்குள்ள ஒதுக்கி வெச்சுக்குவாங்க. புதினா வாசம் அடிக்கும். சாருக்கே தெரியாது.’

‘உன்கிட்ட குடுத்தாங்களா?’

‘ம்... ஒரு தடவை.’

‘சொன்னியே, நல்லதுப்பா. அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?’

கவனியுங்கள்: அந்தத் தாய் இன்னும் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார், ஒரு முறை பாராட்டினார். பையன் வைத்தானா, துப்பினானா என்பது அடுத்த வரியில் தானே வரும்.

முதல் பத்து நிமிடத்துக்கான வரிசை:

1. சொன்னதற்குப் பாராட்டுங்கள்.
2. ‘என்ன நடந்தது, எப்போது, யார் இருந்தார்கள்’ என்று கேளுங்கள். ‘ஏன் செய்தாய்’ என்ற கேள்வி இப்போது வேண்டாம். அது விசாரணை போலக் கேட்கும்.
3. ‘இப்போ உனக்கு ஏதாவது ஆபத்து இருக்கா?’ என்று கேளுங்கள்.
4. ‘நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?’ என்று கேளுங்கள்.
5. முடிவை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். ஆபத்து இருந்தால் மட்டும் உடனே செயல்படுங்கள்.

குறிப்பு: கோபம் தலைக்கேறினால், ‘கேக்கவே கஷ்டமா இருக்குடா, தண்ணி குடிச்சிட்டு வரேன்’ என்று எழுந்து போங்கள். அடித்துவிட்டுப் பிறகு சமாதானம் பேசுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

3. போதை

எதைப் பற்றிப் பேச வேண்டும்

பெரியவர்கள் கஞ்சா, சாராயம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பள்ளிப் பிள்ளைகள் வேறு இடத்தில் தொடங்குகிறார்கள்.

• கூல் லிப், ஹான்ஸ் போன்ற வாயில் ஒதுக்கும் புகையிலை. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013 முதல் தடை ஆணை இருந்தும் கள்ளத்தனமாகக் கிடைக்கிறது. புகை வராது, கையில் நாற்றம் இருக்காது. அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவுவது பற்றி 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்துக் கேள்வி எழுப்பியது.
• வலி மாத்திரைகள். டேபென்டடால் போன்ற, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். போதை மாத்திரை விற்றவர் கைது என்ற செய்தி திருச்சிப் பதிப்பு நாளிதழ்களில் அடிக்கடி வருவது இதைப் பற்றித்தான். மூச்சு நின்று போகலாம். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் தொற்றலாம்.
• பஞ்சர் ஒட்டும் பசை, தின்னர் போன்றவற்றை முகர்வது. முதல் முறையிலேயே இதயம் நின்று உயிர் போன சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.
• பீர். ‘பீர்தானே’ என்று பெரியவர்களே சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்கவே கூடாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

திருச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை. கண் சிவப்பை மறைக்கச் சொட்டு மருந்துக் குப்பி. பையில் காலி மாத்திரை அட்டை, ஊசி. உதட்டுக்கு உள்ளே ஈறில் வெண்மையான தடிப்பு. அடிக்கடி காணாமல் போகும் நூறு, இருநூறு. பழைய நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் மாறிப்போவது. ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். முழுக்கைச் சட்டை பருவை மறைக்கவும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

‘வேணாம்’ சொல்லப் பழக்குங்கள்

‘போதைக்கு நோ சொல்’ என்று சுவரில் எழுதலாம். நண்பன் நீட்டும்போது அது வாயில் வராது. பிள்ளையே பேசக்கூடிய வரி வேண்டும். சில மாதிரிகள்:

• ‘வேணாம் மச்சி, கோச் வாயை ஊதச் சொல்வாரு.’
• ‘எனக்கு ஒத்துக்காதுடா, வாந்தி வந்திரும். உன் சட்டைலதான் எடுப்பேன்.’
• ‘எங்கம்மா நாய் மாதிரி மோந்து பாக்கும், விடு.’

உங்கள் பெயரைத் தாராளமாகக் கெடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் நண்பனாக நடித்து, ‘ஒரே ஒரு தடவைடா, பயந்தாங்கொள்ளி’ என்று வற்புறுத்துங்கள். அவன் பதில் சொல்லட்டும். சிரிப்பாக இருக்கும், இருந்தாலும் வாய்ப்பழக்கம் வரும். மூன்று முறை மறுத்தும் விடவில்லை என்றால் இடத்தைவிட்டு நகர்வதையும் சேர்த்துப் பழக்குங்கள்.

தெரியவந்துவிட்டால்

1. போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். தூங்கி எழட்டும்.
2. பையைத் தலைகீழாகக் கொட்டுவதை முதல் வேலையாக வைக்காதீர்கள். ‘இதைப் பார்த்தேன். பயமா இருக்கு’ என்று தொடங்குங்கள்.
3. எது, எவ்வளவு, எவ்வளவு நாளாக என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டருக்குத் தேவைப்படும்.
4. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அல்லது முதலில் 14446 (போதை மீட்பு), 14416 (டெலி மானஸ், 24 மணி நேரம், தமிழில்) எண்களில் கேளுங்கள்.
5. ஊசி போட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள்.
6. ‘சிகிச்சைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமோ’ என்று தயங்காதீர்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாகச் சிகிச்சைக்கு முன்வருபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. 18 வயது நிரம்பாதவர்மீது வழக்கே வந்தாலும் அது சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும்.
7. ஒரு முறை நழுவி மறுபடி தொட்டுவிட்டால் எல்லாம் பாழ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மீள்கிறவர்களுக்கு இது நடப்பதுதான். மறுபடி இதே வரிசையை முதலிலிருந்து தொடங்குங்கள்.

எச்சரிக்கை: ‘குடிப்பவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் பொடியை வாங்காதீர்கள். குடித்தால் வாந்தி வரவழைக்கும் மருந்து அதில் இருந்து, தெரியாமல் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதேபோல ‘மூன்று மாதம் அடைத்து வைத்துத் திருத்துவோம்’ என்கிற உரிமம் இல்லாத விடுதிகளில் விடாதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி சிறாரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெற்றோரோ துணைக்கு ஒருவரோ கூடவே தங்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. ‘பார்க்க வரக்கூடாது’ என்று சொல்லும் இடத்திலிருந்து அப்போதே திரும்பிவிடுங்கள்.

உயிர் காக்கும் நேரம்

எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால்: 108ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டை கிடந்தால் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மானம் பார்க்கிற நேரம் அது இல்லை.

விற்பவரைப் பற்றித் தெரிந்தால் நீங்களே போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். 10581 எண்ணில் தகவல் கொடுங்கள். சிறாருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015 சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் பிள்ளையைச் சாட்சியாக முன்னிறுத்தாமலே தகவல் சொல்லலாம்.

4. சீண்டலும் மிரட்டலும்

பட்டப்பெயர் வைப்பது எல்லா வகுப்பிலும் நடக்கும். எது விளையாட்டு, எது கொடுமை என்று பிரிக்க மூன்று கேள்வி போதும்: இருவரும் சிரிக்கிறார்களா? வேண்டாம் என்றால் நிற்கிறதா? திரும்பத் திரும்ப ஒரே ஆளைக் குறி வைக்கிறதா? முதல் இரண்டுக்கு ‘இல்லை’, மூன்றாவதுக்கு ‘ஆம்’ என்றால் அது கொடுமை. கிரிக்கெட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது, வாட்ஸ்அப் குழுவில் மீம் போடுவது, டிபன் காசைப் பிடுங்குவது, சாதி சொல்லிப் பேசுவது எல்லாம் இதில் அடங்கும்.

செய்ய வேண்டிய வரிசை

1. தேதி, நேரம், இடம், யார், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழித்துவிடாதீர்கள்.
2. அந்தப் பையனின் வீட்டுக்கு நேராகப் போகாதீர்கள். தெருச் சண்டையாக மாறினால் மறுநாள் பள்ளியில் அடி வாங்குவது உங்கள் பிள்ளைதான்.
3. வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் புகார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
4. அரசுப் பள்ளி என்றால் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கும். பெயர் போடாமலே எழுதிப் போடலாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். 14417 மாணவர்களுக்கான பள்ளிக் கல்வித் துறை எண்.
5. அதற்கும் அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். அடி, மிரட்டல் என்றால் 1098.
6. புகார் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வாரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

ஆறாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உடன் படித்தவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்திய ஒரு பட்டியலினப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், ஆசிரியர் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். புகார் போன பிறகு இரவில் வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியிடம் சொல்லிவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்க முடியாது. புகார் கொடுக்கும்போதே, ‘போக வர யார் பார்த்துக்கொள்வது? இடைவேளையில் எந்த ஆசிரியர் பொறுப்பு? அந்த மாணவர்களின் பெற்றோரை என்றைக்கு அழைக்கிறீர்கள்?’ என்று மூன்று கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. இதில் வீட்டுக்கும் வேலை இருக்கிறது. கோவில் கயிறா, கூட்டம் சேர்க்கும் கயிறா என்று உங்கள் பிள்ளையின் மணிக்கட்டைப் பாருங்கள். ‘நம்மாளு’, ‘அவனுங்க’ என்று சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் பேசுவதைத்தான் அது வகுப்பில் பேசும்.

உங்கள் பிள்ளையே மிரட்டுகிறவனாக இருந்தால்

ஆசிரியர் சொன்னதும் ‘என் பையன் அப்படிச் செய்ய மாட்டான்’ என்று பாயாதீர்கள். முழுவதும் கேளுங்கள். வீட்டில் யாராவது அவனை அடிக்கிறார்களா, மட்டம் தட்டுகிறார்களா என்று பாருங்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்கச் செய்யுங்கள். பிடுங்கிய காசை அவனுடைய கைச்செலவிலிருந்தே திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். பெல்ட்டை எடுத்தால், அடிக்கிறவன்தான் பெரியவன் என்ற பாடத்தைத்தான் மறுபடி நடத்துகிறீர்கள்.

குறிப்பு: கல்லூரி, விடுதி என்று போகும் பிள்ளைக்கு: 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங்கைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. தேசிய ராகிங் எதிர்ப்பு எண் 1800-180-5522. போனில் சேமித்துக் கொடுத்து அனுப்புங்கள்.

5. காதல், நட்பு, செல்போன்

பதினாறு வயதில் ஒருவரைப் பிடித்துப்போவது நோயும் இல்லை, குடும்ப மானக்கேடும் இல்லை. அந்த உறவு பிள்ளையை வளர்க்கிறதா, நசுக்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிள்ளையே தன்னைக் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்

• பாஸ்வேர்ட் கேட்டு நச்சரிக்கிறார்களா?
• ‘அவளோட பேசாத, அவனோட போகாத’ என்று நண்பர்களை வெட்டிவிடுகிறார்களா?
• ‘நீ பேசலன்னா கையை அறுத்துக்குவேன்’ என்று மிரட்டுகிறார்களா?
• ‘லவ் பண்றதா இருந்தா போட்டோ அனுப்பு’ என்கிறார்களா?
• வேண்டாம் என்று சொன்னால் அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறதா?

இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை, படித்தால் போதும். ஆண் பிள்ளைக்கும் இதே தாள்தான். ‘நீ அப்படி நடந்துக்கிறியா?’ என்ற கேள்வியையும் சேர்த்து.

சட்டத்தை முன்பே சொல்லிவிடுங்கள்

2012 போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே இருந்தால் சம்மதம் என்பது செல்லாது. இருவருக்கும் விருப்பம் இருந்தாலும் உடல் உறவு குற்றமாகவே பார்க்கப்படும், பெரும்பாலும் வழக்கு பையன்மீது விழும். இளம் வயதுக் காதலர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. அத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனாலும் சட்டத்தில் வயது மாறவில்லை. இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல், வண்டி ஓட்ட 18 ஆக வேண்டும் என்பதைச் சொல்வதுபோலத் தகவலாகச் சொல்லுங்கள்.

பெரியவர் ஒருவர் தொட்டார், வற்புறுத்தினார் என்று பிள்ளை சொன்னால் வரிசை வேறு. நம்புங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதீர்கள். 1098 அல்லது மகளிர் காவல் நிலையம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாத அதிகாரி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ‘குடும்பத்துக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்’ என்று சொல்பவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

படம் வெளியே போய்விட்டால்

1. திட்டாதீர்கள். இந்த நேரத்தில்தான் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறார்கள். ‘நான் இருக்கேன், இது சரியாகிடும்’ என்பதுதான் முதல் வாக்கியம்.
2. மிரட்டுபவருக்குப் பணமோ, இன்னொரு படமோ கொடுக்காதீர்கள். கொடுத்தால் கேட்பது நிற்காது.
3. மிரட்டல் செய்தி, கணக்கின் பெயர், எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அந்தக் கணக்கை முடக்குங்கள்.
4. 1930 எண்ணிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.
5. ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 18 வயதுக்குக் கீழே எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாமலே அதற்கு ஓர் அடையாளக் குறி உருவாக்கி, இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் பரவாமல் தடுக்க உதவும்.
6. ‘ஆதாரத்துக்கு’ என்று அந்தப் படத்தை யாருக்கும் பார்வர்ட் செய்யாதீர்கள். சிறாரின் படத்தை அனுப்புவதே குற்றம். பெற்றோருக்கும் விலக்கு இல்லை.

6. பெற்றோர் அதிகம் செய்யும் தவறுகள்

• போனைப் பிடுங்கி உடைப்பது. ஆதாரமும் போகும், பிள்ளை உதவி கேட்கும் வழியும் போகும்.
• காதல் தெரிந்ததும் பெண்ணின் படிப்பை நிறுத்தி, ‘சீக்கிரம் ஒரு இடம் பார்த்து முடிச்சிரலாம்’ என்பது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு சிக்கலுக்குப் பதில் இரண்டு சிக்கல் வரும்.
• ‘உன் அக்காவைப் பாரு’ என்று ஒப்பிடுவது.
• தப்பு செய்தவனை விட்டுவிட்டுச் சொன்னவனைத் திட்டுவது.
• மந்திரிப்பதோடும் நேர்ந்துகொள்வதோடும் நிறுத்திவிடுவது. வெக்காளியம்மன் கோவிலில் வேண்டுதலை மனுவாக எழுதிக் கட்டுங்கள். அப்படியே வண்டியைத் திருப்பி மனநல டாக்டரையும் பாருங்கள்.
• பிள்ளை ‘செத்துப்போலாம்னு இருக்கு’ என்றால் ‘சும்மா மிரட்டுறான்’ என்று விடுவது. நேரடியாகக் கேளுங்கள்: ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரை, பூச்சி மருந்து, எலிப் பேஸ்ட் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தனியே விடாதீர்கள். 14416 அல்லது 104ஐ அழையுங்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

7. குளிர்பதனப் பெட்டியில் ஒட்ட வேண்டிய எண்கள்

• 108: ஆம்புலன்ஸ்
• 1098: 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான உதவி எண்
• 14417: பள்ளிக் கல்வித் துறை, மாணவர் உதவி
• 14416: டெலி மானஸ், மனநல ஆலோசனை
• 104: அரசு மருத்துவ ஆலோசனை
• 14446: போதை மீட்பு ஆலோசனை
• 10581: போதைப்பொருள் விற்பனை பற்றிய தகவல்
• 1930: இணையக் குற்றம்
• 181: பெண்கள் உதவி எண்

இவற்றைப் பிள்ளையின் போனிலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத நாள் ஒன்று வந்தால் இந்த எண்களில் ஒன்றையாவது அது அழைக்க வேண்டும். ‘அம்மா அப்பாகிட்ட சொல்ல முடியலன்னா சித்திகிட்ட சொல்லு’ என்று வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரையும் குறித்துக் கொடுங்கள். அந்தச் சித்தியிடமும் முன்பே பேசி வையுங்கள்.

8. இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. சங்கேதச் செய்தியைப் பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். வரியை அதுவே தேர்ந்தெடுக்கட்டும்.
2. ஒரு முறை ஒத்திகை பாருங்கள். செய்தி வர வேண்டும், நீங்கள் போன் செய்ய வேண்டும், போய் அழைத்து வர வேண்டும்.
3. வகுப்பாசிரியரின் எண்ணையும், நெருங்கிய இரண்டு நண்பர்களின் பெற்றோர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.
4. ‘வேணாம்’ சொல்லும் மூன்று வரிகளை நடித்துப் பாருங்கள்.
5. ஐந்து கேள்வித் தாளை எழுதி மேசையில் வையுங்கள்.

ஐந்தையும் செய்ய முடியவில்லை என்றால் முதலாவதை மட்டுமாவது இன்றிரவே முடியுங்கள். அதற்குப் பணமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். இரவு பத்தரை மணிக்கு அந்தச் செய்தி வந்தால், சட்டை மாட்டிக்கொண்டு கேள்வி கேட்காமல் கிளம்பத் தயாராக இருந்தால் போதும்.